குடியை நிறுத்த எந்தக் குழு? பெங்களூரில் நமக்கு இருக்கும் ஐந்து வழிகள்

"அக்கா, நிமான்ஸ்ல காட்டலாமா, ஏஏ மீட்டிங்குக்கு அனுப்பலாமா, இல்ல மூணு மாசம் எங்கயாவது சேர்த்துடலாமா?"

அல்சூர், ஸ்ரீராமபுரம், நீலசந்திரா, கே.ஆர்.புரம் என்று எந்தப் பக்கத்திலிருந்து போன் வந்தாலும் கேள்வி கிட்டத்தட்ட இதுதான். நிமான்ஸ் என்பது இங்கே இருக்கும் அரசு மனநல மருத்துவமனை. ஏஏ என்பது குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் குழு. கேட்பவர் பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் தங்கை. குடித்தவர் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருப்பார். அதனால் குரல் தாழ்ந்தே இருக்கும்.

நான் மருத்துவர் இல்லை. என் அண்ணன் குடிநோயாளி. 2019 தீபாவளிக்கு அடுத்த வாரத்திலிருந்து அவன் குடிக்கவில்லை. அதற்கு முன்னால் நான்கு இடங்களில் முயன்று பார்த்தோம். குடும்பத்தினருக்கான குழுவில் நானும் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எல்லா வழிகளிலும் பொதுவாக இருப்பது குழு. ஒரே நோய் உள்ளவர்களைச் சேர்த்து உட்காரவைப்பது புதிய யோசனை இல்லை. 1905ல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் ஏழைக் காசநோயாளிகளை வாரம் ஒருமுறை கூட்டிப் பேசவைத்தார். குழு சிகிச்சையின் தொடக்கம் என்று அதைச் சொல்வார்கள். 1935ல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதிலிருந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏஏ, பிறந்தது.

குடிப்பவர் வீட்டில் சொல்லும் காரணங்களை வீடு நம்பும், இல்லையென்றால் சண்டை போடும். குழுவில் இரண்டும் நடக்காது. "வேலை டென்ஷன், அதனாலதான்" என்று புதிதாக வந்தவர் சொல்லும்போது எதிரே இருக்கும் ஆறு பேரும் அமைதியாகத் தலையாட்டுவார்கள். அவர்களும் அதே வாக்கியத்தைச் சொன்னவர்கள்தான். மருத்துவரால்கூட கொடுக்க முடியாதது இது.

## எதையும் தேர்ந்தெடுக்கும் முன்னால் உடம்பைப் பாருங்கள்

தினமும் குடிப்பவர், காலையில் கை நடுக்கத்துக்கே குடிப்பவர் என்றால் எந்தக் குழுவும் முதல் படி இல்லை. மருத்துவர்தான் முதல் படி.

கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைதான் இன்னும் பெரிய ஆபத்து. சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார், பகலா இரவா என்று தெரியாது, காய்ச்சல் அடிக்கும். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பது இதுதான். சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகலாம். "பேய் புகுந்திருக்கு" என்று மந்திரிக்க அழைத்துப்போய் நேரத்தை இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவர் என்றால் வீட்டில் வைத்து நிறுத்தவே கூடாது.

பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி அனுப்புவதும் நடக்கிறது. நாள்பட்டுக் குடித்தவருக்கு தையமின் என்ற பி1 சத்து குறைந்திருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாம். "தையமின் போடுறீங்களா சார்?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

இன்னொன்று. "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று கம்பத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை நம்பி எதையும் சாம்பாரில் கலக்காதீர்கள். டைசல்ஃபிரம் என்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து வாந்தி எடுப்பதோடு நிற்காது. ரத்த அழுத்தம் சரிந்து இதயம் வரை போகும். விஷயம் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிடுபவருக்கு அது உதவும் மருந்து. தெரியாமல் சாப்பிடுபவருக்கு அது விஷம்.

## எதை வைத்து எடைபோடுவது?

உடம்பு அந்த ஆபத்தைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் நான் பார்க்கும் விஷயங்கள் இவை.

மொழி. பெங்களூர்த் தமிழர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆபீசில் இங்கிலீஷ் என்று மூன்றையும் சமாளிக்கிறோம். அதனால் எந்த மொழியில் குழு நடந்தாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். என் அண்ணனுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஒரு கன்னடக் குழுவில் மூன்று வாரம் உட்கார்ந்தான். மூன்று வாரமும் அவன் சொன்னது "பரவாகில்லா சார்" மட்டும்தான். பிறகு ஒரு தமிழ் மீட்டிங்குக்குப் போன இரண்டாம் நாள், "அம்மாவோட கம்மலை நான்தான் அடகு வெச்சேன், திருடு போச்சுன்னு வேலைக்காரம்மா மேல பழி போட்டேன்" என்று சொன்னான். அந்தக் கம்மல் விஷயம் எங்கள் வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது. எந்த மொழியில் கடன்காரனைச் சமாளிக்கிறோமோ அந்த மொழியில் மனசு திறக்காது.

இதற்கு மாறானவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இங்கிலீஷில்தான் பேச வந்தது. "தமிழ்ல சொன்னா அம்மா பக்கத்துல நின்னு கேக்கற மாதிரி இருக்கு" என்றார். ஆகவே தமிழ்தான் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. எந்த மொழியில் வெட்கப்பட்டதைச் சொல்ல வருகிறது என்று அவரிடமே கேளுங்கள்.

நான்காம் மாதம். முதல் மூன்று மாதம்தான் மறுபடி குடிக்கும் ஆபத்து மிக அதிகம். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அலுப்பு தட்டுவதும் கையில் காசு தீர்வதும் நான்காம் மாதத்தில். அப்போதும் போய்வரக்கூடிய தூரமா, செலவா, நேரமா? எவ்வளவு நல்ல குழுவாக இருந்தாலும் ஒயிட்ஃபீல்டிலிருந்து ஓசூர் ரோடு வரை வாரம் மூன்று நாள் டிராஃபிக்கில் போகவேண்டும் என்றால் ஆறாவது வாரம் நின்றுவிடும்.

குடி மட்டும்தானா? தூக்கமில்லாமல் நாலு நாள் பேசிக்கொண்டே இருப்பது, காதில் குரல் கேட்பது, சாகவேண்டும் என்று சொல்வது, இவையெல்லாம் குடி நின்ற பிறகும் இருந்தால் குடியோடு இன்னொரு மனநோயும் இருக்கலாம். இரண்டையும் ஒரே இடத்தில் ஒன்றாகப் பார்க்க வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்று என்பது சரிவராது.

குழுவை நடத்துவது யார், அங்கே பேசியது வெளியே போகுமா, கையிலிருந்து என்னென்ன போகும் என்பவை மற்றவை. கட்டணம் மட்டும் செலவு இல்லை. போன சம்பளம், கூடப் போனவரின் லீவு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வரவழைத்த அம்மா, எல்லாம் செலவுதான்.

## ஏஏ மீட்டிங்

கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு கிண்ணம் வரும், முடிந்ததைப் போடலாம், போடாமலும் இருக்கலாம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் கொள்கை. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். பெயர், முகவரி, ஆதார் எதுவும் கேட்கமாட்டார்கள். சர்ச் வளாகத்திலும் பள்ளிக்கூட அறையிலும் பெரும்பாலும் மாலையில் நடக்கும். பெங்களூரில் இங்கிலீஷ், கன்னட மீட்டிங்குகளோடு தமிழில் நடப்பவையும் உண்டு. குடிநோயாளிகள் மட்டும் உட்காரும் மூடிய மீட்டிங், குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த மீட்டிங் என்று இரண்டு வகை. முதல்முறை போகும்போது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போதைப்பொருள் பழக்கத்துக்கு இதேபோல நார்காட்டிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு 1953லிருந்து இருக்கிறது.

இது சும்மா ஆறுதல் பேச்சுதானே என்று கேட்பவர்களுக்கு: 2020ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரைப் பற்றிய தகவல்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஏஏ வழிக்கு முறையாக அழைத்துச்செல்லப்பட்டவர்களில் ஒரு வருடம் கழித்து அறவே குடிக்காமல் இருந்தவர்கள் சுமார் 42 சதவீதம். மற்றச் சிகிச்சைகளில் அது 35. அதாவது ஒரு பைசா வாங்காத இடம் காசு வாங்கும் சிகிச்சைக்குக் குறையவில்லை. அதே சமயம், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு வருடத்துக்குள் மறுபடி குடித்திருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். மறுபடி குடித்தால் "இதுவும் வேஸ்ட்" என்று கைகழுவாமல் இருக்க அது உதவும்.

இங்கே உண்மையான பலம் ஸ்பான்சர். சில வருடம் குடிக்காமல் இருக்கும் ஒருவர் புதியவருக்குத் துணையாக நிற்பார். இரவு பதினொன்றுக்கு ஒயின் ஷாப் வாசலிலிருந்து போன் செய்தாலும் எடுப்பார். குடிக்கும் தவிப்பு வந்தால் அரைமணி நேரம் தள்ளிப்போடு, அலை மாதிரி இறங்கிவிடும் என்பார். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலில் எது இப்போ இருக்கு என்று கேட்பார். என் அண்ணனின் ஸ்பான்சர் எப்போதும் முதலில் கேட்டது "சாப்ட்டியா?" என்றுதான்.

குறைகளும் இருக்கின்றன. நடத்துபவர் பயிற்சி பெற்றவர் இல்லை. ஒரு மீட்டிங் மனதுக்கு இதமாக இருக்கும், இன்னொன்றில் இரண்டு பேரே பேசிக்கொண்டிருப்பார்கள். நாலைந்து இடம் போய்ப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலும் ஆண்களே வருவதால் தனியாக வரும் பெண்ணுக்கு முதல் நாள் கஷ்டமாக இருக்கும். பெண்களுக்கான மீட்டிங் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. "மாத்திரையும் ஒரு போதைதான், நிறுத்து" என்று சொல்லும் உறுப்பினரும் எங்காவது இருப்பார். ஏஏவின் நிலைப்பாடு அதுவல்ல. மருந்து மருத்துவர் விஷயம் என்றே அமைப்பு சொல்கிறது. இருமுனைக் கோளாறுக்கு மாத்திரை சாப்பிடுபவர் இந்தப் பேச்சைக் கேட்டு நிறுத்தினால் பெரிய ஆபத்து.

"உயர்ந்த சக்தி" என்று அடிக்கடி வரும். நாம் புரிந்துகொண்டபடியான இறைவன் என்று பொருள். முருகனையோ மாதாவையோ வைத்துக்கொள்ளலாம். சாமி நம்பிக்கை இல்லாதவர்கள் அந்தக் குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்வதுண்டு. அதுவும் ஒத்துவராது என்பவருக்கு இந்த வழி உறுத்தும்.

மறைமுகச் செலவு, மாலை நேரம். தொண்ணூறு நாளில் தொண்ணூறு மீட்டிங் என்பது அங்கே வழக்கமான அறிவுரை. "முன்னாடி பார்ல இருந்தார், இப்ப மீட்டிங்ல இருக்கார், வீட்டுக்கு எப்ப வருவார்?" என்று ஒரு அண்ணி கேட்டார். நியாயமான கோபம். முதல் மூன்று மாதத்துக்கு வீடும் இதைத் தாங்கவேண்டியிருக்கும்.

ரகசியம் பற்றிப் பயப்படுகிறவர்கள் தங்கள் ஏரியாவை விட்டு இரண்டு ஏரியா தள்ளிப் போவது வழக்கம். அல்சூர்க்காரர் ஸ்ரீராமபுரத்துக்குப் போகலாம். மெட்ரோ ஏறினால் மெஜஸ்டிக்கில் ஒரு மாற்றம்தான்.

## மருத்துவமனைக் குழு

ஓசூர் ரோட்டில் இருக்கும் நிமான்ஸில் போதை நோய்களுக்கென்றே தனி மையம் உண்டு. நடுக்கம் தணிய மருந்து, பிறகு குடிக்கும் தவிப்பைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள், மனச்சோர்வு இருந்தால் அதற்கும் சிகிச்சை, கூடவே நோயாளிகளுக்கும் குடும்பத்துக்கும் குழு. குடியும் மனநோயும் சேர்ந்திருந்தால், முன்பு வலிப்பு வந்திருந்தால், ஈரல் கெட்டிருந்தால், வேறு எதையும் யோசிக்காதீர்கள். இதுவோ, மனநலப் பிரிவு உள்ள வேறொரு நல்ல மருத்துவமனையோதான் சரி.

அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் குறைவு, வறுமைக்கோட்டு அட்டை இருந்தால் சலுகையும் உண்டு. ஆனால் முதல் நாள் முழுநாள் போகும். விடியற்காலை கிளம்பி டோக்கன், பதிவு, காத்திருப்பு என்று மத்தியானம் தாண்டும். அந்தக் காத்திருப்பில்தான் பலர் "ஒரு டீ குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போய்த் திரும்ப வராமல் இருப்பார்கள். அதனால் இரண்டு பேர் கூடப் போங்கள். படுக்கையில் சேர்த்தால் குடும்பத்தில் ஒருவர் கூடத் தங்கச் சொல்வார்கள். தினக்கூலி வீட்டில் இரண்டு பேரின் வருமானமும் ஒரே நேரத்தில் நிற்கும்.

இந்தக் குழுவின் பெரிய குறை, டிஸ்சார்ஜோடு அது முடிந்துவிடுவது. வார்டில் இரண்டு மூன்று வாரம் கூடவே இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு ஊராகப் பிரிந்துபோவார்கள். மனம்விட்டுப் பேசிய இளம் மருத்துவர் அடுத்த முறை வேறு யூனிட்டில் இருப்பார். ஆகவே வார்டில் இருக்கும்போதே, வெளியே எந்தக் குழுவுக்குப் போகப்போகிறார் என்று முடிவு செய்துவிட வேண்டும். தமிழ் பேசுபவர் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். நர்சோ, சமூகப் பணியாளரோ யாராவது இருப்பார்கள். கேட்காதவருக்கு அது கிடைப்பதில்லை.

## தங்கவைக்கும் மையம்

எங்கள் குடும்பம் தப்புச் செய்த இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2018ல் ஊருக்கு வெளியே ஒரு மையத்துக்குப் போன் செய்தோம். காலை ஐந்து மணிக்கு வேனில் மூன்று பேர் வந்து அண்ணனைத் தூக்கிப்போனார்கள். "பிக்கப்" என்று அதற்குத் தனிக் காசு. மூன்று மாத அட்வான்ஸ். மருந்து, சோப்பு, பீடி எல்லாவற்றுக்கும் தனித்தனி பில். முதல் மாதம் போனில் பேசக்கூட விடவில்லை. அங்கே குழு என்று நடந்தது, ஒருவனை நடுவில் நிறுத்தி மற்றவர்கள் திட்டுவது. தொண்ணூறாவது நாள் எட்டுக் கிலோ குறைந்து வீட்டுக்கு வந்தான். நான்காம் நாள் குடித்தான். அதற்குப் பிறகு ஒரு வருடம் எங்கள் யாரையும் அவன் நம்பவில்லை. அந்தக் காசுக்கு நாங்கள் கொடுத்த உண்மையான விலை அதுதான்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்போது வந்துவிட்டிருந்தது. எங்களுக்குத் தெரியாது. குடி, போதையால் வரும் மனநிலைகளும் அந்தச் சட்டத்தின் கீழ் வரும். இப்படிப்பட்ட சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒருவரை அவர் விருப்பமில்லாமல் சேர்க்க வீட்டார் கையெழுத்து மட்டும் போதாது. மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து, சேர்த்தே ஆகவேண்டிய நிலை என்று எழுத வேண்டும். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். சங்கிலியால் கட்டுவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பாலிசி எடுத்திருப்பவர்கள் கேட்டுப் பாருங்கள்.

இதனால் தங்கவைக்கும் மையமே கூடாது என்று சொல்ல வரவில்லை. வீட்டிலேயே கூடக் குடிப்பவர்கள் இருந்தால், தெருமுனையிலேயே கடை இருந்தால், வெளியே இருந்துகொண்டு பல முறை முயன்று தோற்றிருந்தால், சில வாரம் அந்தச் சூழலை விட்டு விலகுவது பெரிய உதவி. ஒன்றிய அரசின் நிதியுதவியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. 14446 என்ற எண்ணில் விசாரிக்கலாம். தமிழுக்காகச் சென்னை போகிறவர்களும் உண்டு. குடிநோய்க்கென்றே சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. சென்னையில் சேர்ந்தால் பெங்களூர் திரும்பிய பிறகு தொடர்ந்து போக ஒரு இடம் இங்கே தயாராக இருக்க வேண்டும்.

காசு கட்டுவதற்கு முன் நேரில் போய்க் கேளுங்கள்: பதிவு எண் என்ன? மனநல மருத்துவர் வாரம் எத்தனை நாள் வருகிறார்? குழுவை யார் நடத்துகிறார், எந்த மொழியில்? நாங்கள் எப்போது பார்க்கலாம்? வெளியே வந்த பிறகு என்ன? தங்கும் அறையைக் காட்டத் தயங்கினால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

## உளவியல் நிபுணர் நடத்தும் குழு

இந்திராநகர், கோரமங்களா பக்கம் தனியாக நடப்பவை. ஆறிலிருந்து பத்துப் பேர், ஒன்றரை மணி நேரம், எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம், நடுவில் புது ஆள் சேர்க்கமாட்டார்கள். குடி நின்று சில மாதமானவருக்கு, குடிக்குக் கீழே இருந்த பதற்றம், மனச்சோர்வு, சின்ன வயதுக் காயம் மேலே வரத் தொடங்கும்போது இது நல்ல இடம். அதே ஆட்கள் வாராவாரம் வருவதால் நம்பிக்கை சீக்கிரம் வளரும். பெண்களுக்கான தனிக் குழு கிடைக்க வாய்ப்பு அதிகம்.

தனி ஆலோசனையைவிடக் கட்டணம் குறைவு, ஆனாலும் வாராவாரம் என்பதால் கூட்டிப் பார்த்தால் கணிசமாக வரும். பெரும்பாலும் இங்கிலீஷ். நடத்துபவருக்கு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்ற ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். கடுமையான மனச்சிதைவு உள்ளவருக்கோ, தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவருக்கோ முதலில் தனிச் சிகிச்சைதான். நல்ல நிபுணர் என்றால் குழுவில் சேர்க்கும் முன் தனியாக ஒருமுறை பேசி, ஒத்துவராது என்றால் ஒத்துவராது என்றே சொல்லிவிடுவார்.

## ஆன்லைன் குழு

நைட் ஷிஃப்ட்காரருக்கும், கைக்குழந்தை உள்ள பெண்ணுக்கும், ஊர்ப் பயணத்தில் இருப்பவருக்கும் கை கொடுக்கும். ஆனால் ஒரே அறை வீட்டில் ரகசியமாகப் பேச இடமில்லை. கேமராவை அணைத்துவிட்டுக் குடித்துக்கொண்டே கேட்பவரும் உண்டு. வாயின் வாசனையை ஸ்க்ரீன் காட்டாது. நேரில் போகும் குழுவோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம், அதற்கு மாற்றாக வேண்டாம்.

| வழி | யாருக்கு முதலில் | சொல்லாத செலவு | கேட்டுக்கொள்ள வேண்டியது |
|---|---|---|---|
| ஏஏ மீட்டிங் | உடம்பு தேறியவர், விருப்பம் உள்ளவர் | மூன்று மாத மாலைகள் | தமிழா, மூடியதா திறந்ததா |
| மருத்துவமனை | நடுக்கம், வலிப்பு, கூடவே மனநோய் | இரண்டு பேரின் கூலி | டிஸ்சார்ஜுக்குப் பின் எங்கே |
| தங்கும் மையம் | வீட்டுச் சூழலே ஆபத்தானவர் | வேலை, குடும்பத்தின் மேல் நம்பிக்கை | பதிவு, சந்திக்கும் உரிமை |
| நிபுணர் குழு | குடி நின்றபின் பதற்றம், சோர்வு | வாராவாரக் கட்டணம் | பதிவு, மொழி |
| ஆன்லைன் | வெளியே வர முடியாதவர் | வீட்டில் தனியிடம் | நேரில் வேறு குழு உண்டா |

## வீட்டாருக்கான குழு

இதை மேலே உள்ளவற்றோடு போட்டியாக வைக்க முடியாது. அவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும், எதையுமே தேர்ந்தெடுக்காவிட்டாலும், நீங்கள் போகலாம். குடிநோயாளிகளின் குடும்பத்துக்கான அல்-அனான் 1951ல் தொடங்கியது. வளரும் பிள்ளைகளுக்கு அலட்டீன் உண்டு. கட்டணம் இல்லை.

அங்கே போன பிறகுதான் நான் சிலவற்றை நிறுத்தினேன். அண்ணன் ஆபீசுக்கு "காய்ச்சல் சார்" என்று நான் போன் செய்வதை நிறுத்தினேன். அவன் கடனை அடைப்பதை நிறுத்தினேன். பாட்டிலைத் தேடி பீரோவைக் குடைவதை நிறுத்தினேன். இவை நின்ற இரண்டு மாதத்தில்தான் அவனே "எங்கயாவது போலாம்" என்றான். எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று என்னால் உறுதி தர முடியாது. எனக்குத் தூக்கம் வர ஆரம்பித்தது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

அடித்தால், கத்தி எடுத்தால், அது குழுவுக்குக் காத்திருக்கும் விஷயம் இல்லை. பிள்ளைகளோடு அன்றே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்.

## என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சொன்னது

ஐம்பது வயது ஆட்டோ டிரைவர், காலையிலேயே தொண்ணூறு மில்லி டெட்ரா பாக்கெட், ஒருமுறை வலிப்பு. மனைவி மீட்டிங் எங்கே என்று கேட்டார். முதலில் நிமான்ஸ் என்றேன். வார்டில் இருக்கும்போதே ஒரு தமிழ் மீட்டிங்கிலிருந்து இரண்டு பேர் போய்ப் பார்த்தார்கள். வெளியே வந்த அன்று மாலையே அவர்களோடு போனார்.

முப்பது வயது சாஃப்ட்வேர்க்காரர், வார இறுதியில் மட்டும் குடி, ஆனால் குடித்தால் நிறுத்தத் தெரியாது, மற்ற நாளெல்லாம் பதற்றம். அவருக்கு நிபுணரிடம் தனியாக ஒருமுறை, பிறகு இங்கிலீஷ் குழு. கூடவே ஏஏ திறந்த மீட்டிங் ஒன்றுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். முதலில் மறுத்தார். இப்போது இரண்டுக்கும் போகிறார்.

வீட்டிலேயே ஒளித்துக் குடிக்கும் ஒரு பெண், இரண்டு பிள்ளைகள். அக்கம்பக்கத்தில் தெரிந்தால் அவ்வளவுதான் என்ற பயம். அவருக்கு 14416 எண்ணைக் கொடுத்தேன். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது. 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணமில்லை, தமிழிலும் பேசுவார்கள். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாராம். அங்கிருந்து மருத்துவர், பிறகு பெண்களுக்கான ஆன்லைன் குழு.

போன மாதம் ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு தங்கை கூப்பிட்டாள். அண்ணன் எதற்கும் வரமாட்டேன் என்கிறான், வேனுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், சனிக்கிழமை வீட்டாருக்கான குழுவுக்கு நீ மட்டும் வா என்றேன். மூன்று சனிக்கிழமையாக வருகிறாள், பின் வரிசையில் உட்காருகிறாள், இன்னும் எதுவும் பேசவில்லை. அவள் எங்கே போகிறாள் என்று போன வாரம் அண்ணன் கேட்டானாம்.